மருந்து அடிப்பவர் ரத்தத்திலும் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒளிரும் உலோக நானோ கொத்துகளை (சில அணுக்கள் முதல் சில நூறு அணுக்கள் வரை சேர்ந்த மிக நுண்ணிய துகள்களை) வைத்து நோய் காட்டும் நொதிகளைக் கண்டுபிடிப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். கட்டுரை கணையம், கல்லீரல் என்று போனது. திருத்துறைப்பூண்டியில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கோலினெஸ்டரேஸ் என்ற ரத்த நொதி.

சம்பாவில் புகையான் பூச்சி விழுந்துவிட்டால் முதுகில் டேங்கோடு பூச்சிமருந்து அடிக்க இறங்குவார்கள். கையுறை கிடையாது, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி கடுகாகச் சுருங்கிவிடும். வீட்டில் மோரைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் முடக்குவது இந்த நொதியைத்தான். அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் மாதிரியை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.

நானோ கொத்து இங்கேதான் உதவும். அசிட்டைல்தயோகோலின் என்ற பொருளை இந்த நொதி உடைத்தால் தயோகோலின் வரும். அதிலுள்ள கந்தகம் உலோகத்தில் ஒட்டிக்கொள்ள, கொத்தின் ஒளி மாறும். நொதி முடங்கியிருந்தால் அந்த மாற்றம் குறைந்துவிடும். புற ஊதா விளக்கு ஒன்று போதும்.

2009இல் மாட்டு ஆல்புமின் என்ற புரதத்தில் செய்த தங்கக் கொத்துகளின் ஒளிர்திறன், அதாவது உள்வாங்கிய ஒளியில் திருப்பித் தருவது, சுமார் 6 சதவீதம்தான். அப்புறம் வெள்ளி சேர்த்தும், கொத்தைச் சுற்றியுள்ள மேலுறையை இறுக்கியும் ஒளியைக் கூட்டியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் ரத்தம் சுத்தமான உப்புக் கரைசல் இல்லையே! சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரில்) சிஸ்டீன், குளூட்டாதையோன் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலும் அதே கந்தகம். போதாததற்கு, சீரமே புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும். அதனால் சிவப்பில் ஒளிரும் கொத்தும், வேறு கந்தகத்தை அண்டவிடாத மேலுறையும் வேண்டும். செம்பு மலிவு என்கிறார்கள். அது காற்றுப் பட்டாலே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். 2018இல் கஜா புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஃபிரிட்ஜில் இருந்த எங்கள் கிட்கள் எல்லாம் வீணாயின. வெளியே வைத்தாலும் கெடாத கொத்துதான் இந்தப் பக்கத்துக்குச் சரிப்படும்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் இத்தகைய கொத்துகளில் பேர் வாங்கியவர்கள். திருவாரூரிலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், சம்பா தெளிப்பு தொடங்குவதற்கு முன்பே மருந்து அடிப்பவர்களிடம் ஒருமுறை ரத்தம் எடுத்து, சீசனில் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். இந்த ஆராய்ச்சியாளர்கள் வழக்கமான முறையிலும் கொத்து முறையிலும் சேர்த்தே பார்க்கட்டும். அவர்கள் வந்தால் ரத்தம் எடுத்துக் கொடுக்க எங்களைப் போன்ற சின்ன லேப்கள் தயார்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.