பூச்சித் தொல்லையாம்!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல வந்த அருவிச் சுற்றுலா கட்டுரைய படிச்சேன். அதுல ஒரு வரி தொண்டையில முள்ளா நிக்குது. “ஓடைக்கரைப் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்தால் பூச்சித் தொல்லையின்றி குடும்பத்துடன் குளிக்கலாம்.” வேடிக்கை என்னன்னா, அந்த வரிக்கு நேர் மேல நீங்க கலர்ல பெருசா போட்ட படமே அந்தப் பூச்சிதான், பச்சை றெக்கை ஊசித்தட்டான். அழகுக்கு வேணும், கரையில இருந்தா மட்டும் தொல்லை போல.

அறிவியல் பேரு நியூரோபேசிஸ் சைனென்சிஸ், 1758லயே லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் விஞ்ஞானி பதிவு பண்ணின இனம், உங்களுக்குத் தெரியாததா. ஆண் தட்டான் ஓடை நடுவுல ஈரப்பாறையில உக்காந்திருக்கும், றெக்கைய மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது, சட்டுனு பின்றெக்கைய விரிச்சா ஒரே பச்சை மின்னல், அடுத்த நொடி மூடிரும். பெண்ணுக்கு அந்தப் பகட்டெல்லாம் கெடையாது, டீ கலர் றெக்கையில வெள்ளைப் பொட்டு. அது முட்டை வைக்கிறது தண்ணிக்குள்ள கெடக்கிற தண்டுலயும் வேர்லயும். குஞ்சு வளர்றதும் அந்த வேர்க் கொத்துலதான். நீங்க வெட்டச் சொல்ற புதரோட வேர்தான் ஐயா அது!

எங்க ஊருக்கு மேல ஒரு ஓடை. அழகுபடுத்துறோம்னு செடி கொடியெல்லாம் வழிச்சு எறிஞ்சு ரெண்டு கரையிலயும் கான்கிரீட் சுவர் வச்சாங்க. பெஞ்சும் போட்டாங்க. இப்ப அங்க ஷாம்பு பாக்கெட் இருக்கு, ஊசித்தட்டான் இல்ல. பறக்கிற கொசுவையும் சின்ன ஈயையும் புடிச்சு தின்னதே அதுகதான், இப்ப சாயங்காலம் கொசுவத்தி இல்லாம அந்த பெஞ்சுல உக்கார முடியாது. பூச்சித் தொல்லை ஒழிஞ்சுதா?

உங்க பேப்பருக்கு இது புதுசும் இல்ல. சாரைப்பாம்பு வீட்டுக்குள்ள வந்தா “கொடிய விஷப்பாம்பு”, ஆத்துல வெள்ளம் வந்தா “வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்”. ரெண்டுக்கும் அப்பவே கடிதம் போட்டேன், ஒண்ணு வரவே இல்ல, இன்னொண்ணு வந்துச்சு, பாராட்டி எழுதின முதல் வரி மட்டும். நல்லாதான் எடிட் பண்றீங்க. 1930கள்ல ஃப்ரேசர்னு ஒரு வெள்ளக்கார ராணுவ டாக்டர் தட்டான்களைப் பத்தி மூணு வால்யூம் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு, நம்ம மலை ஓடையில எல்லாம் தேடி அலைஞ்ச மனுஷன். நம்மாளுக்கு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கக்கூட நேரமில்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த வரி தப்புன்னு, கரைச்செடிய வெட்டக்கூடாதுன்னு வர்ற ஞாயித்துக்கிழமை இணைப்புலயே ரெண்டு வரி போடுங்க. எடம் இல்லைன்னா ராசிபலனுக்குக் கீழ போட்டாலும் சரி, அதைத்தான் எல்லாரும் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
தென்காசிப் பக்கத்து வாசகன்