இளையோர் ஃப்ரீ ஃபிளைட் போட்டி: 'அதிர்ஷ்டம்' என்ற சொல் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோருக்கான சர்வதேச ஃப்ரீ ஃபிளைட் (கையை விட்டபின் தானாகவே பறக்கும்) மாடல் விமானப் போட்டி குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தோம். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுத்து அரிது என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. ஒன்று, 'ரிமோட் விமானங்கள்' என்ற தலைப்பு. மற்றொன்று, விமானம் கையை விட்டுப் போனபின் யாராலும் எதுவும் செய்ய முடியாது, ஆகவே இது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் என்ற வரி. முதலாவது சிறு பிழை. இரண்டாவது, மாதக்கணக்கில் உழைத்துவிட்டுக் களத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ரிமோட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறோம். பறக்கும் விமானத்தைத் தரையிலிருந்து திருப்பவோ ஏற்றவோ இந்தப் போட்டியில் அனுமதி இல்லை. பறப்பை முடித்துக் கீழே இறக்குவதற்கு மட்டும் ரேடியோவைப் பயன்படுத்தலாம். மற்றபடி எப்படிப் பறக்க வேண்டும் என்பதெல்லாம் தரையிலேயே விமானத்துக்குள் அமைத்து அனுப்பப்படுகிறது.

இனி அதிர்ஷ்டம். எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர் பிரிவை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் எடை குறைந்தது 410 கிராம். இறக்கைக்கும் வால் இறக்கைக்கும் சேர்த்துப் பரப்பு 32 முதல் 34 சதுர டெசிமீட்டர். 5 கிலோ இழுவிசையில் 50 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பட்டம்போல் இழுத்து ஏற்றி, உச்சியில் கழற்றிவிட வேண்டும். ஒரு சுற்றின் உச்ச நேரம் பொதுவாக 180 வினாடி. அதற்கு மேல் எவ்வளவு நேரம் பறந்தாலும் கணக்கு 180தான். ஏழு சுற்றுள்ள போட்டியில் ஒவ்வொன்றிலும் உச்ச நேரம் எடுத்தால் மொத்தம் 1,260 வினாடி.

நல்ல கிளைடர் அசையாத காற்றில் வினாடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 167 வினாடி. உச்ச நேரத்துக்கு 13 வினாடி குறைகிறது. அதே விமானத்தை, வினாடிக்கு அரை மீட்டர் கீழிறங்கும் காற்றில் விட்டால் 62 வினாடியில் தரையில் இருக்கும். அதே வேகத்தில் மேலெழும் காற்றில் விட்டால், இறங்குவதற்குப் பதிலாக வினாடிக்கு 20 சென்டிமீட்டர் ஏறும். விமானம் ஒன்றே, பிள்ளையும் ஒருவரே. 62க்கும் 180க்கும் நடுவே உள்ள வித்தியாசம் எந்தக் கணத்தில் கழற்றினார் என்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அதிர்ஷ்டம்போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்க முடியும். பயிற்சியில் பாதி அதற்கே போகிறது.

வெயிலில் சூடான தரைக்கு மேல் உள்ள காற்று ஒரு கட்டத்தில் பெயர்ந்து மேலெழுகிறது. இதைத்தான் தெர்மல் என்கிறோம். அது காற்றோட்டத்தோடு நகர்ந்துகொண்டே சுற்றியுள்ள காற்றைத் தன் அடியில் இழுத்துக்கொள்ளும். தெர்மல், காற்று வீசிவரும் பக்கத்திலிருந்து நம்மை நோக்கி வரும்போது அந்த இழுப்பு வீசும் காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கும். அதனால் காற்று சட்டெனத் தணியும், வெப்பநிலை சற்று ஏறும். கடந்து போனபின் இழுப்பும் காற்றும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். காற்று பலக்கும், குளிர்ச்சி தட்டும். முகத்தில் காற்று நின்று கன்னம் சூடாகும்போது விட வேண்டும், குளிர்ந்த காற்று அடிக்கும்போது பொறுக்க வேண்டும். இதைச் சரிபார்க்கக் களத்தில் உயரக் கம்பங்களில் மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) நாடாக்கள் கட்டியிருப்பார்கள். காற்றுவேகமானியும் வெப்பமானியும் திரையில் கோடு வரைந்துகொண்டே இருக்கும். சிலர் சோப்புக் குமிழி விடுவார்கள். சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்தும், பூச்சிகளைத் துரத்தி மேலேறும் தகைவிலான்களும் கருவிகளுக்குச் சற்றும் சளைத்தவை அல்ல.

இளையோர் இங்கே செய்யும் முதல் தவறு துரத்துவது. பக்கத்து நாட்டுப் பிள்ளையின் விமானம் ஏறுவதைப் பார்த்ததும் அவசரமாகத் தானும் கழற்றிவிடுவார்கள். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில், முன்னால் போன விமானம் 30 வினாடி வட்டமிட்டிருந்தால் தெர்மல் 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். துரத்தியவரின் விமானம் அதற்குப் பின்னால் இறங்கும் காற்றில் மாட்டும். அடுத்தவர் ஏறுவதைக் கண்டால், அது தொடங்கிய கணத்தில் நம் நாடா எந்தப் பக்கம் சாய்ந்தது என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பதே சரி. சுற்றின் கடைசி ஐந்து நிமிடங்களில் இந்தப் பொறுமை கிடைக்காது. ஆகவே சுற்று தொடங்கியதுமே கயிற்றை விரித்துத் தயாராகிவிடுகிறவர்களே தேர்ந்தெடுக்கும் வசதியோடு நிற்கிறார்கள்.

காத்திருப்பதற்குக் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். கிளைடரின் அடியில் உள்ள கொக்கியைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் பார்வையில், இளையோர் பிரிவில் அதிகச் சுற்றுகளைக் கெடுப்பது அந்தச் சிறு பொருள்தான். கயிற்று நுனி வளையம் கொக்கியில் மாட்டியிருக்கும். கயிறு தளர்ந்தால் சுக்கான் வளைந்து விமானம் தலைக்கு மேல் வட்டமிடும். இறுகினால் சுக்கான் நேராகி மேலே ஏறும். இப்படிக் கயிற்றிலேயே வட்டமிடவிட்டு, களத்தில் நடந்து நடந்து காற்றைத் தேடலாம். கொக்கியில் ஒரு ஸ்பிரிங் தாழ்ப்பாள் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவாக இழுத்தால்தான் அது திறக்கும். அதன்பின் கயிறு தளர்ந்ததும் வளையம் கழன்று விமானம் விடுபடும்.

பிரச்சினை இதுதான். பெரியவர் ஒருவர் தன் ஓட்டத்துக்கும் எடைக்கும் ஏற்ப வைத்த ஸ்பிரிங் அளவு, 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பொருந்தாது. காற்றில்லாத காலையில் அந்தப் பிள்ளை எவ்வளவு ஓடினாலும் தாழ்ப்பாள் திறக்காது. தெர்மல் வந்து போய்விடும், விமானம் கயிற்றிலேயே இருக்கும். அதற்குப் பயந்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், மதியம் ஒரு வன்காற்று வீச்சில் தானாகத் திறந்து, வேண்டாத இடத்தில் விமானம் கழன்றுவிடும். 20 வினாடிக்குள் தரையிறங்கினால் இன்னொரு முயற்சி உண்டு. 20ஐத் தாண்டிவிட்டால் வந்த நேரமே அந்தச் சுற்றின் நேரம். ஆகவே ஒவ்வொரு காலையும் ஸ்பிரிங் தராசில் கொக்கியை இழுத்து, எத்தனை கிலோவில் திறக்கிறது என்று பார்த்து, காற்றுக்கும் பிள்ளைக்கும் ஏற்பத் திருகி வைக்க வேண்டும். காற்று பலத்தால் மறுபடி பார்க்க வேண்டும். காற்றுத் தூக்கும்போது பிள்ளைகள் பயந்து நின்றுவிடுகிறார்கள். அப்போது இறக்கையில் சுமை ஏறி முறியும். விமானத்தை நோக்கி ஓடிக் கயிற்றைத் தளர்த்துவது கற்பித்தால் மட்டுமே வரும்.

முறுக்கிய ரப்பரின் விசையில் பறக்கும் ரப்பர் பிரிவில் வேறு வகைச் சிக்கல். எண்ணெய் பூசிய நிலையில் ரப்பர் மோட்டார் 30 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய் பூசாமல் எடைபோட்டு 29.9 என்று நிம்மதியடைந்தவர், சிலிகோன் எண்ணெய் தடவியதும் வரம்பைத் தாண்டிவிடுவார். சோதனையில் அது பிடிபட்டால் அந்தப் பறப்பே போயிற்று. எண்ணெய் பூசி, துடைத்து, பிறகு எடைபோட வேண்டும். முறுக்குவதையும் விடுவதையும் போட்டியாளரே செய்ய வேண்டும். ரப்பரை நன்றாக நீட்டிப் பாதி முறுக்குகளைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கொடுத்துக்கொண்டே மெல்ல முன்னால் வர வேண்டும். சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் முடிச்சுகள் ஓரிடத்தில் குவிந்து ரப்பர் அறுபடும். உடற்பகுதிக்குள் காப்புக் குழாய் செருகாமல் முறுக்கினால், அறுபடும் ரப்பர் விமானத்தையும் கிழித்துவிடும்.

முறுக்கி முடித்த ரப்பர் காத்திருக்காது. நிமிடங்கள் ஆக ஆக அதன் முறுக்குவிசை சோர்கிறது. காற்று சரியில்லை என்று தெரிந்தும், முறுக்கியாயிற்றே என்று விட்டுவிடுவது இளையோரிடம் மிகச் சாதாரணம். மாற்று மோட்டார்களை முன்பே பழக்கி, எடைபோட்டு, நிழலில் மூடிவைத்திருந்தால் சோர்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை முறுக்கும் துணிவு வரும். இளையோருக்கான எஞ்சின் பிரிவில் 1 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான் வரம்பு. அங்கே தோல்வி பெரும்பாலும் வெயிலில் முறுகிய இறக்கையால் வருகிறது. சில வினாடிகளில் செங்குத்தாக ஏறும் விமானத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முறுகலும் பெரிதுதான்.

இனி, விமானத்தைக் கீழே கொண்டுவரும் டீதெர்மலைசர். குறித்த நேரத்தில் டைமர் ஒரு நூலை விடுவிக்க, ரப்பர் வளையம் வால் இறக்கையைச் சுமார் 45 டிகிரி தூக்கிவிடும். விமானம் பறப்பை இழந்து, மட்டமாகவே இறங்கும். இது வேலை செய்யாவிட்டால் நல்ல தெர்மலில் விமானம் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். முன்கூட்டியே வேலை செய்தால் சுற்று பாழ். வானிலை அமைதியாக இருந்தால் முதல் சுற்றின் உச்ச நேரத்தை 240 வினாடியாக அறிவிப்பது உண்டு. முந்தைய நாள் பயிற்சியில் வைத்த 185 வினாடியை மாற்ற மறந்தவர், அருமையான தெர்மலில் இருந்தபடியே கிட்டத்தட்ட ஒரு நிமிடத்தை இழப்பார். இயந்திர டைமரில் மண்துகள் புகுந்தால் நின்றுவிடும், குளிரில் மெதுவாகும். வெயிலில் கிடந்த ரப்பர் வளையம் வாலைத் தூக்கும் வலுவை இழந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பறப்புக்கு முன்பும், சுற்றின் உச்ச நேரத்தை உரக்கச் சொல்லி, டைமரை அதற்கு மேல் சில வினாடி வைத்து, வால் தானாக எழுகிறதா என்று ஒருமுறை விடுவித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பிள்ளைகளின் உடல் பற்றியும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் 180 வினாடி பறந்த விமானம் 900 மீட்டர் தள்ளி விழும். போய் வர 1.8 கிலோமீட்டர். ஏழு சுற்று என்றால் 12.6 கிலோமீட்டர், அதுவும் உழுத நிலத்திலும் பயிருக்கு நடுவிலும். காற்று வினாடிக்கு 9 மீட்டரைத் தாண்டினால்தான் போட்டியை நிறுத்துவார்கள். எடுத்துவர உதவியாளர் போகலாம், ஆனால் பல அணிகளில் பிள்ளையும் ஓடுகிறது. கடைசி இரண்டு சுற்றில் விழும் நேரங்களுக்குக் காற்றைவிடக் களைப்பே பல வேளைகளில் காரணம். விமானம் மறையும் திசையைக் காம்பஸில் 5 டிகிரி தவறாகக் குறித்தால், 900 மீட்டரில் ஏறக்குறைய 80 மீட்டர் விலகல். சோளக் கொல்லையில் அது ஒரு மணி நேரத் தேடல். தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அந்தத் திசைக்கு அடையாளமாகப் பிடித்துவைப்பதும், விமானத்தில் சிறு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பொருத்துவதும் கால்களைக் காப்பாற்றும்.

விலையுயர்ந்த கார்பன் விமானம் உள்ளவரே வெல்கிறார் என்ற குறையும் உங்கள் செய்தியில் மறைமுகமாக இருந்தது. கிளைடர் பிரிவில் போட்டியாளரே விமானத்தைக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இப்போது இல்லை என்பது உண்மை. அதில் எங்களுக்கும் வருத்தம் உண்டு. காரணம் பணம் மட்டுமல்ல. தானே கட்டிய பிள்ளைக்கு, விமானம் மூக்கைத் தூக்கித் தடுமாறினால் வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் மெல்லிய அட்டை ஒன்றை வைக்கத் தெரியும். விலைக்கு வாங்கியவர் பயிற்சியாளரைத் தேடுவார். தொடங்குகிறவர்களைச் சிறிய வகைகளிலிருந்து கொண்டுவருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 220 கிராம் எடையும் 18 சதுர டெசிமீட்டர் பரப்பும் கொண்ட சிறு கிளைடரும், 10 கிராம் ரப்பரில் பறக்கும் சிறு விமானமும் பால்சா என்ற இலேசான மரத்தில் வீட்டு மேசையிலேயே கட்டக்கூடியவை. இரண்டுக்கும் உச்ச நேரம் 120 வினாடி. காற்றைப் படிக்க அவை போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளையோர் பிரிவில் போட்டியாளராக ஒரு பிள்ளை நிற்கும் காலம், 18 வயதை எட்டும் ஆண்டோடு முடிகிறது. அதுவரை ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று "விடு!" என்று கத்திக்கொண்டிருந்தால், அதன்பின் அந்தப் பிள்ளைக்குக் காற்று தெரியாது. "வெப்பநிலை ஏறுகிறது, நாடா இந்தப் பக்கம் சாய்கிறது" என்று தகவலை மட்டும் சொல்லுங்கள். கழற்றும் முடிவு கயிற்றைப் பிடித்திருப்பவருடையதாக இருக்கட்டும். தவறினால் அடுத்த சுற்றுக்கு முன் இருவரும் வரைகோட்டைப் பார்த்து, எந்த இடத்தில் தவறியது என்று பேசிக்கொள்ளலாம்.

அடுத்த முறை இப்போட்டியின் முடிவை வெளியிடும்போது, முதல் மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரின் சுற்றுவாரியான வினாடிகளையும், அந்தந்தச் சுற்றின் காற்று வேகத்தையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட வேண்டுகிறோம். முதல் சுற்றில் யார் டைமரை மறந்தார், பலத்த காற்றில் யார் காத்திருந்தார் என்று வாசகரே அதிலிருந்து ஊகித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஃப்ரீ ஃபிளைட் பயிற்சியாளர்கள் இருவர்