கேந்தி வந்த வழி

நாகர்கோவில்,
டிசம்பர் 4.

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

சவேரியார் கோயில் திருவிழா நேற்றோடு முடிந்தது; தேர் வந்த தெருவில் இன்னும் பூவும் மெழுகும் மிதிபட்டுக் கிடக்கின்றன. கல்லறைத் திருநாளன்று மெக்சிகோவின் குவாதலஹாராவிலிருந்து நீ அனுப்பிய படத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். கைப்பேசியில் இரண்டு வரியில் முடிகிற சங்கதியாக அது எனக்குத் தோன்றவில்லை. உன் பக்கத்து வீட்டார் தெருவாசலிலிருந்து கூடத்துப் பீடம் வரை மஞ்சள் இதழ்களைப் பாதையாகத் தூவி, இறந்துபோன பெரியவரின் படத்தடியில் ரொட்டியும் மெழுகுதிரியும் வைத்திருந்ததைக் காட்டி, "நம்மூரில் கல்யாணப் பந்தலில் கட்டுகிற கேந்தியை இவர்கள் சாவுக்கு வைக்கிறார்களே அப்பா" என்று கேட்டிருந்தாய்.

மக்களே, அது அவர்களுடைய பூ. அதை வாங்கிவந்து பந்தலில் கட்டியவர்கள் நாம்தான்.

பல ஊர்களில் செண்டுமல்லி என்கிற கேந்தியின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நடு அமெரிக்காவும். அங்குள்ள பழங்குடிகளின் நாவா மொழியில் அதன் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். நீ தினமும் காதில் கேட்கும் 'செம்பசூச்சில்' அந்தப் பழம்பெயரின் மரூஉ. அவர்கள் இருபது இருபதாக எண்ணியவர்கள் ஆதலால் இருபது அங்கே நிறைந்த எண். நாம் 'ஆயிரங்காலத்துப் பயிர்' என்னும்போது ஆயிரத்தை விரல்விட்டா எண்ணுகிறோம்? 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நாவா அறிஞர்களையும் ஓவியர்களையும் உடன் வைத்துக்கொண்டு 12 பகுதிகளாகத் தொகுத்த சுவடியில் இந்தப் பூவுக்கும் இடம் உண்டு. அந்தச் சுவடி இன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து நூலகத்தில் இருக்கிறது. வெயிலின் நிறமும் காட்டமான வாசனையும் இறந்தவர்களுக்கு வழிகாட்டி வீட்டுக்கு அழைத்துவரும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. நாம் அதை வாசனை என்றுகூடச் சொல்வதில்லை, நெடி என்போம்.

மிளகாயும் பப்பாளியும் வந்த வழியிலேயே, போர்த்துகீசியர் கப்பலில் கேந்தியும் இந்தியாவுக்கு வந்தது என்று தாவர வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சவேரியார் நம் கடற்கரையில் நடந்ததும் அதே 16ஆம் நூற்றாண்டில்தான். நம் பழைய அகராதிகள் அதைத் 'துலுக்கச் செவ்வந்தி' என்றன. ஆங்கிலேயர் 'ஆப்பிரிக்க மேரிகோல்டு' என்றார்கள். துருக்கியிலிருந்தும் வராத, ஆப்பிரிக்காவிலிருந்தும் வராத ஒரு பூவுக்கு இரண்டு பொய் ஊர்கள்! 'மேரிகோல்டு' என்றால் மாதாவின் பொன். அது முதலில் ஐரோப்பாவின் வேறொரு மஞ்சள் பூவுக்கு இருந்த பெயர். இதை அறிந்திருந்தால் உன் அம்மா மாதா படத்துக்குக் கேந்தியே சார்த்தியிருப்பாள்.

கப்பலில் பூ வந்ததே தவிர, அதன் பொருள் வரவில்லை. பூவுக்குப் பொருள் வைப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, களத்தில் எதிர்நின்று பொருதால் தும்பை, வென்றால் வாகை என்று போரையே பூவால் பிரித்து வைத்த மொழி இது. ஆனால் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் கேந்தி இல்லை, இருக்கவும் வழியில்லை. பாட்டில் இடம் பெறாமல் பிந்தி வந்த பூ என்பதால், நம்மிடம் அது கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போகிற கூலியாள் ஆகிவிட்டது: பந்தல் தோரணம், ஆயுத பூசை, தலைவர்களுக்கு ஆளுயர மாலை, சவ வண்டி. ஓணம் நெருங்கினால் தோவாளைச் சந்தையிலிருந்து அத்தப்பூக் கோலத்துக்காக மூட்டை மூட்டையாக மலையாளத்துக்குப் போகும். பிச்சிக்கும் மல்லிகைக்கும் விலை விசாரிக்கும் கூட்டம் கேந்தி மூட்டையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதைத் தலையில் சூடிய ஒரு பெண்ணையும் நான் கண்டதில்லை.

அதன் குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்தியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜப்பானில் 16 இதழ்ச் செவ்வந்தி பேரரசரின் முத்திரை. பிரான்சில் அது கல்லறைப் பூ, ஆதலால் விருந்துக்குப் போகிறவர்கள் அதைக் கையில் கொண்டுபோவதில்லை.

சென்ற ஆண்டு நவம்பர் 2 அன்று செவ்வந்தி தீர்ந்துபோய், வேறு வழியின்றி உன் அம்மாவின் கல்லறைக்குக் கேந்தி வாங்கிப் போனேன். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "மைனிக்குப் போயும் போயும் கேந்தியா?" என்று எல்லோர் முன்னும் கேட்டாள். எனக்கும் மனம் கூசியது. இந்த ஆண்டு விடியுமுன் உன் படம் வந்துவிட்டது. தோவாளைக்குப் போய்ச் செவ்வந்தியை விட்டுவிட்டு, வேண்டுமென்றே இரண்டு கிலோ மஞ்சள் கேந்தி வாங்கினேன். பாதியை வாழைநாரில் கோத்தேன். மீதியை உதிர்த்தபோதுதான் அந்தப் பூவை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன்: நாம் இதழ் என்று நினைக்கிற ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, அடியில் வெளிறி, முற்றிய பூக்களில் கறுத்த ஊசி போன்ற விதையோடு கையில் வந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் இரவு வரை விரலில் அந்த நெடி இருந்தது. பங்குத்தந்தை கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது, கல்லறைத் தோட்டத்து நடைபாதையிலிருந்து அம்மாவின் தலைமாட்டுச் சிலுவை வரை இதழ்களைத் தூவினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் நல்ல மழை. நேற்று முன்தினம் போய்ப் பார்த்தபோது சிலுவையடி மணலில் ஆறு கன்றுகள் நின்றன. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன், அதே நெடி. கூட்டுகிற பெரியவர் களை என்று பிடுங்கிவிடக் கூடாதே என்று சுற்றிலும் ஈர்க்கில் குத்தி அடையாளம் வைத்திருக்கிறேன். மொட்டு விட்டதும் படம் அனுப்புகிறேன். உன் பக்கத்து வீட்டாருக்கும் காட்டு. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா