அந்த ஆறு பேரைப் பற்றி, அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இன்று என்ன நாள் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மாலையில் நீங்கள் அழைப்பீர்கள். பேச்சில் இதைச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். நம் உறவினர்களும் உங்கள் மாணவர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையின் பெயரையும் என் மகனின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஒருவழியாகப் படித்து முடித்தேன். இளம் டி-செல்களில் தோன்றும் லுகேமியாவும் (ரத்தப் புற்றுநோய்) லிம்போமாவும் (நிணநீர்ப் புற்றுநோய்) ஒரே நோய்தான் என்பதையும், எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் கால் பங்குக்கு மேலிருந்தால் முன்னது, குறைந்தால் பின்னது என்று பிரிப்பது வழக்கம் கருதித்தான் என்பதையும் விளக்கிய பகுதி எனக்கே புரிந்தது. பிறகு அட்டவணைகளில் அவனைத் தேடினேன். பெற்றோர் ஒப்புதல் தராததால் விலக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரி இருந்தது, அதற்குள் இருந்தான்.

மெதோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தை முதுகுத்தண்டில் செலுத்துவதற்காக அவனை உள்ளே கொண்டுபோயிருந்த அந்த மதியம் உங்களுக்கும் மறந்திருக்காது. வெளியே பெஞ்சில், உங்கள் ஆய்வில் அவனைச் சேர்ப்பதற்கான ஒப்புதல் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் எல்லப்பிரகட சுப்பாராவைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில், கதர் உடுத்திப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவரின் ஆய்வகத்தில்தான் இந்த மஞ்சள் மருந்துக்கு முன்னோடியான அமினோப்டெரின் உருவானது என்றபோது உங்கள் குரலில் பெருமை இருந்தது. பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை லுகேமியா வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததையும், 10 பேருக்கு நோய் தணிந்ததையும், 1948 ஜூனில் அது கட்டுரையாக வெளிவந்ததையும் சொன்னீர்கள். மீதி ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "அவர்களும் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறார்கள்" என்றீர்கள். உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான். அந்தப் பதிலை அப்போது என்னால் தாங்க முடியவில்லை.

ஃபோலிக் அமிலத்தின் வகைகளை முதலில் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்ததையும், இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வில் அதைக் கண்ட பிறகே ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தை ஃபார்பர் நாடியதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தத் தாய்மாரிடம் யாராவது படிவம் நீட்டினார்களா என்று கேட்டேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். தணிந்த பத்துப் பேருக்கும் அது தற்காலிகம்தான் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. ஃபார்பர் கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது, அக்கா.

கையெழுத்திட மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கவே உட்கார்ந்தேன். எழுத எழுத, அதே நிலை வந்தால் மீண்டும் மறுத்திருப்பேன் என்றே தோன்றுகிறது. அன்று எனக்கு அக்கா வேண்டியிருந்தது, ஆய்வாளர் வந்தார். ஆனால் அதே கைப்பையில்தான் அவனுக்கு வண்ணப் பென்சில்களும் இருந்தன. வாய்ப்புண்ணால் எச்சில்கூட விழுங்க முடியாமல் அவன் கிடந்தபோது இரவெல்லாம் விழித்திருந்து ஆறிய கஞ்சியைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியதும் நீங்கள்தான். நான் தூங்கிப்போயிருந்தேன்.

அவன் போன பிறகும் நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், நான் மறுத்தேன். பிள்ளை பிழைத்தவர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்திட, இழந்தவர்கள் என்னைப்போல் ஒதுங்கிக்கொண்டால், உங்கள் வரைபடத்தில் பிழைத்தவர்களின் விகிதத்தைக் காட்டும் கோடு உண்மையைவிட உயரத்தில்தான் நிற்கும். இன்னொரு தாய் அந்தக் கோட்டைப் பார்த்து நம்பிக்கை கொள்வாள். இந்தக் குறையைக் கட்டுரையில் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். என் மனம் நோகும் என்று விட்டீர்களா, முடிவு மங்கும் என்று விட்டீர்களா?

உறைநிலையில் வைத்திருக்கும் அவன் மஜ்ஜை மாதிரியையும் கோப்பையும் அடுத்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சம்மதம், நாங்கள் என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். படிவத்தைத் தபாலில் அனுப்புங்கள், நேரில் கொண்டுவர வேண்டாம். நோய் திரும்பிய தேதி கோப்பில் பிந்திப் பதிவாகியிருக்கிறது. சரியான தேதியுள்ள ரத்தப் பரிசோதனை அறிக்கை என்னிடம் இருக்கிறது, நகல் எடுத்துப் படிவத்தோடு இணைத்து அனுப்புகிறேன். அதைத் திருத்தாமல் அவனைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் தங்கை