பிள்ளைகளின் கையில் மறுபடியும் பலூனைக் கொடுங்கள்

வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஆய்வுக்கு வந்திருந்தீர்கள். அன்று நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பலூனைச் சாயத்தில் ஒற்றித் தாளில் படம் பதித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் சாயம், பிள்ளைகளின் கையிலும் சட்டையிலும் சாயம். "இந்தக் கூத்தெல்லாம் இனிமேல் இங்கே நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அந்த வாய்மொழி உத்தரவை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையை அழைத்துப் போக வந்து, அன்று வாசலில் நின்றிருந்தவள் நான். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். மாமியார் நடவுக்குப் போகிறார். மகனுக்கு மூன்றரை வயது, பேச்சு கொஞ்சம் தாமதம். பால்வாடியில் சேர்த்து நான்கு மாதமாகியும் மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமல் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். கிரேயான் கொடுத்தால் கீழே போட்டுவிடுவான். இந்த வயதில் பல பிள்ளைகள் கிரேயானை முழுக் கையால்தான் பற்றுவார்கள். மூன்று விரலால் பிடிக்கிற பிடி பலருக்கு நாலு, ஐந்து வயதில்தான் நன்றாகப் படியும். அதற்குள் கிரேயான் வழுக்கும், ஒடியும், கோட்டைத் தாண்டும், யாராவது அதட்டுவார்கள். பலூனில் அந்தத் தொல்லையே கிடையாது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஊதி முடிச்சுப் போட்டால் பிள்ளையின் கைக்கு அடங்கும். சாயத் தட்டில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினால் போதும். அதைத் தப்பாகச் செய்ய வழியே இல்லை.

டீச்சர் அன்று பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு விரித்திருந்தார். என் மகன் மஞ்சள் தட்டில் பலூனை ஒற்றி, தாளில் அழுத்தித் தூக்கினான். பலூன் தாளை விட்டுப் பிரியும்போது சாயம் இழுபட்டு, வட்டத்துக்குள் நரம்பு நரம்பாகக் கோடு விழுந்தது. கல்லணைக்குக் கீழே ஆறு பிரிந்து பிரிந்து போவதை வரைபடத்தில் பார்ப்போமே, அப்படியே இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் "தோசை" என்றான். இன்னொரு வட்டம் வைத்து "அம்மா தோசை" என்றான். அடுத்தது "ஆயா தோசை". இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏழு தோசை வார்த்தான். எட்டாவது தோசைக்குப் பலூனைச் சாயத்தில் ஒற்றியபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவன் கையை மறைக்கிறான். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறான். சாம்பார் சாதம் பிசைந்து கையில் கொடுத்தால், உள்ளங்கையைத் திருப்பி என்னிடம் காட்டி "அழுக்கா?" என்று கேட்கிறான். பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதே கேள்வி. நீங்கள் அவனைத் திட்டவில்லை, டீச்சரைத்தான் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவன் கண்டது, சாயம் பட்ட கையைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டதை மட்டும்தான்.

அந்தச் சாயம் என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை. மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு தட்டில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு, மூன்றாவதில் முருங்கைக்கீரைச் சாறு கலந்திருந்தார். ஆரத்திக்குச் செய்வதுபோல மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பு கிடைக்கும். பிள்ளைகள் கண்ணைத் தேய்த்தால் எரியும் என்று அதை அவர் தொடவே இல்லை. இதெல்லாம் அவருடைய கைக்காசு. பலூன் பாக்கெட் மன்னார்குடி கடைத்தெருவில் வாங்கியது.

பலூன் உடைந்து பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஊதாத பலூனும் உடைந்த துண்டும் மூச்சை அடைக்கலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. டீச்சருக்கும் அது தெரியும். அதனால்தான் பிள்ளைகளை ஊத விடுவதில்லை, பம்பில் அவரே ஊதுகிறார். பாதிக்கு மேல் ஊதுவதில்லை, ரப்பர் முறுக்கேறாமல் இருந்தால் லேசில் உடையாது. ஆறு பிள்ளைகளை உட்காரவைத்து ஆறு பலூன் கொடுத்தால், முடிந்ததும் ஆறையும் எண்ணி வாங்குகிறார். ஒன்று உடைந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இது போதாது என்றால் இன்னும் கடுமையாக விதி எழுதிக் கொடுங்கள், பின்பற்றுவார். விதி போடுங்கள், தடை வேண்டாம்.

தரை அழுக்காக இருந்தது உண்மை. அந்தக் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் வருவதில்லை. ரோட்டைத் தாண்டி அடிபம்பிலிருந்து ஆயா இரண்டு வாளி தூக்கி வந்திருந்தார், அது பிள்ளைகள் கை கழுவவே சரியாகிவிட்டது. தரை துடைக்க மறுபடி தண்ணீர் எடுக்க அவர் போயிருந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். ஆய்வுக் குறிப்பில் தரையைப் பற்றி எழுதினீர்கள் என்றால், குழாயைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இது ஐப்பசி மாதம். சம்பா நடவு முடியாத வயல் இன்னும் கிடக்கிறது, தாய்மார்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்குகிறார்கள். மழை விடுவதில்லை, வெளியே விளையாட விட முடியாது. ஒரே அறைக்குள் பிள்ளைகள் நாள் முழுக்க என்ன செய்வார்கள்? நீங்கள் போனதிலிருந்து அச்சடித்த வாத்துப் படம் ஒன்றைக் கொடுத்துக் கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் அதன் மேலேயே தூங்கிப்போகிறார்கள்.

அங்கன்வாடிகளை நடத்தும் இந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. அன்றைக்கே சொன்ன ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றில் முட்டையையும் சத்துமாவையும் எண்ண ஆள் இருக்கிறது, பிள்ளை எத்தனை கிலோ என்று செல்போனில் ஏற்றச் சொல்ல ஆள் இருக்கிறது. அதெல்லாம் வேண்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டவுனில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இதே பலூனும் இதே சாயமும் 'ஆக்டிவிட்டி' என்ற பெயரில் கிடைக்கிறது. அங்கே கல்வி, நடவுக்காரி பிள்ளை செய்தால் அழுக்கா? பதிவேடு எழுதவே நேரம் போதாத ஒரு டீச்சர், சொந்தக் காசில் பீட்ரூட் வாங்கி வந்து பிழிந்து ஒரு நாளை நடத்தினார். அவரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த உத்தரவை மட்டும் திரும்பப் பெறுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். வாயால் சொன்ன தடையை எழுத்தால் நீக்கித் தாருங்கள், அப்போதுதான் டீச்சர் பயமில்லாமல் செய்வார். அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். தரை துடைக்க ஆள் வேண்டும் என்றால் நாங்கள் தாய்மார்கள் முறை வைத்து வருகிறோம், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கிற பலூன்களை டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் மகன் தினமும் அந்த டப்பாவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தாய்