படத்தை விளிம்பில் எடுக்காதீர்கள்

வார இறுதி நடைப்பயணக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்களைப் போன்ற ஒரு குழுவோடு கடலோரப் பாறை முகடுகளில் நடந்தேன். நல்ல காற்று, நல்ல துணை. ஆனால் ஓரிடத்தில் இருபது பேரையும் விளிம்பை ஒட்டி நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தேன், புல்லுக்குள் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதற்கு அந்தப் பக்கம் நிலம், இந்தப் பக்கம் நாங்கள்.

மேலே நிற்பவருக்கு அடியில் நடப்பது தெரியாது. அலை பாறையின் அடியைக் குடைகிறது. மழைநீர் மேலிருந்து வெடிப்புக்குள் இறங்குகிறது. கால் வைக்கும் புல்தரை அடியில் ஒன்றுமில்லாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கலாம். மால்டாவின் கோசோ தீவில் 'நீலச் சாளரம்' என்று ஒரு சுண்ணாம்புப் பாறை வளைவு இருந்தது. மேலே நடக்கத் தடை போட்டும் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 மார்ச்சில் ஒரு புயலில் அது அப்படியே கடலுக்குள் போய்விட்டது.

இன்னொரு வருத்தமும் உண்டு. விளிம்பில் அரை மணி நேரம் செலவழித்த நாங்கள், பக்கத்திலிருந்த பழைய கோட்டைக்குப் பத்தே நிமிடம்தான் கொடுத்தோம். அயர்லாந்தின் இனிஷ்மோர் தீவில் உள்ள டூன் ஏங்கஸ் கோட்டையை நினைத்துப் பாருங்கள். சுமார் 100 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில், சாந்து இல்லாமல் அடுக்கிய கல் மதில்கள் அரைவட்டமாக வந்து விளிம்பில் முடிகின்றன. கடல் பக்கம் மதிலே கிடையாது. நிலத்துப் பக்கமோ, வருகிறவன் ஓடி வர முடியாதபடி கூரான கற்களை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே நின்று, எதிரி எந்த வழியாக வந்திருப்பான் என்று யோசித்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். பார்க்க வேண்டியது அதுதானே!

அதனால் கேட்கிறேன்: குழுப் படத்தை மதில் பக்கம் எடுங்கள். மதில்மேல் யாரையும் ஏற்றாதீர்கள், சாந்தில்லாத கல் சரிந்துவிடும். மழைக்கு மறுநாளும் காற்று பலமாக வீசும்போதும் பாதையை உள்ளே தள்ளிப் போடுங்கள். பாறைக்குக் கீழே கரையோரம் நடப்பதென்றால் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும்போது கிளம்புங்கள்.

அன்று படம் எடுக்கக் கூப்பிட்டபோது ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். நாங்கள்தான் வற்புறுத்தி அவரையும் வரிசையில் சேர்த்தோம். அடுத்த முறை அப்படி ஒருவர் தயங்கினால், அவர் நிற்கும் இடத்துக்கு எல்லாரையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவர்