கலைப்புக்குப் போகும் நிறுவனத்தின் ஏட்டு மதிப்பை நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு நிறுவனம் திவாலாகிக் கலைப்புக்கு, அதாவது சொத்தை விற்றுக் கடனை அடைத்து மூடும் நிலைக்குப் போனால் "சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு" என்று கடைசி பேலன்ஸ் ஷீட்டிலிருந்து இரண்டு எண்களை எடுத்துப் போட்டுவிடுகிறீர்கள். கலைப்புக் கணக்கு எழுதுவதுதான் என் தொழில். அந்த எண்களைப் படித்துவிட்டு, சம்பள பாக்கி எப்படியும் வந்துவிடும் என்று காத்திருப்பவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதும் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

பேலன்ஸ் ஷீட் என்பது நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது. வாங்கிய விலையில் தேய்மானம் போக ஓர் இயந்திரம் ஏட்டில் 100 என்று நிற்கும். அதுவோ தரையோடு போல்ட் போட்டு முடுக்கிக் கிடக்கும். கழற்ற ஆள், தூக்க கிரேன், ஏற்றிப்போக லாரி என்று எல்லாம் போக 20 தேறினால் பெரிய விஷயம். நற்பெயர் என்று எழுதி வைத்த சொத்து பெரும்பாலும் சைபர். கடன் பக்கம் மட்டும் ஏறும்: வேலை போனவர்களுக்கான இழப்பீடு, பாதியில் முறிந்த குத்தகை, யாருக்கோ கொடுத்த உத்தரவாதம், அப்புறம் விற்று முடியும்வரை காவலாளி சம்பளமும் இந்த வேலையை நடத்தும் கலைப்பாளரின் கட்டணமும்.

மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் பழைய அனுமானத்தில் கணக்கு எழுதக்கூடாது என்கிறது சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 10. சரி, பதிலுக்கு எப்படி எழுதுவது என்று அது விரிவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2013இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள்: சொத்தை விற்றால் கைக்கு வரக்கூடிய தொகைக்கு எழுது, கலைப்பு முடியும்வரை ஆகும் செலவையும் இப்போதே சேர். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான கணக்கு.

வரும் பணமும் எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை. சொத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர் பெரும்பாலும் அந்தச் சொத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்வார். கலைப்புச் செலவு, தொழிலாளர் பாக்கி, வரி என்று வரிசை நாட்டுக்கு நாடு மாறும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் பில்லோடு நிற்பவர் அதற்கும் பின்னால். இப்படிப் பின்னால் நிற்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 80 பாக்கி, மிச்சம் 8தான் என்றால் ஆளுக்கு அவரவர் பாக்கியில் பத்தில் ஒரு பங்கு. பங்குதாரருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

ஆகவே, அடுத்த முறை கலைப்பாளரிடம் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். விற்றால் எவ்வளவு தேறும், அதில் எவ்வளவு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் போடுங்கள். அறிக்கை இன்னும் வரவில்லை என்றால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே "இது ஏட்டு மதிப்பு மட்டுமே" என்றாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்